மண்வாசனையா, மண்வாடையா?

மழை பெய்யத் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் தரையிலிருந்து எழும்பும் மணத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் மண்வாசனை. ஊர் ஞாபகம் என்றாலே அதைத்தான் முதலில் சொல்வோம். அதே மணம் ஏரிக் கெண்டையில் வந்தால் பெயர் மாறிவிடும். "மண்வாடை அடிக்குது, கொஞ்சம் புளி கூடப் போடு" என்போம். குழாய்த் தண்ணீரில் வந்தால் கேட்கவே வேண்டாம், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு தண்ணீர் வாரியத்துக்கு போன் போடுவோம்.

மூன்றுக்கும் பெரும்பாலும் காரணம் ஒரே பொருள்தான். அதன் பெயர் ஜியோஸ்மின். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியாக்களும், ஏரி குளங்களில் வளரும் நீலப்பச்சைப் பாசிகளும் இதை உண்டாக்குகின்றன. மனித மூக்கு இதில் படு கெட்டி. தண்ணீரில் லட்சம் கோடியில் ஐந்து, பத்து பங்கு கலந்திருந்தாலே பலரால் கண்டுபிடித்துவிட முடியும். புளி போடச் சொன்ன பாட்டிக்கும் ஒரு பாராட்டு: அமிலத்தில் ஜியோஸ்மின் சிதைந்துவிடும்.

இப்போது கேள்வி. பொருளும் ஒன்று, மூக்கும் ஒன்று. அப்படியிருக்க ஓரிடத்தில் வாசனை, இன்னோர் இடத்தில் வாடை என்று முடிவு செய்வது யார்? நரம்பியல் ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகளாக நரம்புச் செல்களிடம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பதிலில் பெரும்பகுதியை நமக்குச் சொன்னது வாழைப்பழத் தோலைச் சுற்றும் ஒரு சின்ன ஈ. வெளிநாட்டு அடுக்குமாடிக் குடியிருப்பில் கருவாடு வறுக்க ஜன்னலைத் திறந்து மூடித் தவிக்கும் நமக்கு, அந்த ஈ சொல்வதில் கொஞ்சம் வேலை இருக்கிறது.

மூக்கின் எழுத்துகள்

நிறம் பார்க்க நம் கண்ணுக்கு மூன்று வகை செல்கள் போதும். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றைக் கலந்தே உலகம் முழுவதையும் பார்த்துவிடுகிறோம். மணத்துக்கு அப்படி மூன்று அடிப்படை கிடையாது. அதனால் மூக்கு எப்படி வேலை செய்கிறது என்பது ரொம்ப நாள் புதிராகவே இருந்தது.

1991-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் என்ற இருவரும் எலிகளின் மூக்கை ஆராய்ந்து அந்தப் புதிரை அவிழ்த்தார்கள். மண மூலக்கூறுகளைப் பிடிப்பதற்கென்றே ஒரு பெரிய மரபணுக் குடும்பம் இருப்பதைக் கண்டார்கள். ஒவ்வொரு மரபணுவும் ஒரு வகை ஏற்பியைத் தயாரிக்கும். சுண்டெலிக்கு இந்த வகைகள் ஆயிரத்துக்கு மேல். மனிதருக்கு வேலை செய்யும் நிலையில் இருப்பவை ஏறக்குறைய 400. ஆப்பிரிக்க யானைக்கு இரண்டாயிரத்தை நெருங்கும். இந்தக் கண்டுபிடிப்புக்கு 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மூக்கின் உச்சியில், இரு கண்களுக்கும் இடையில் உள்ள உயரத்தில், தபால்தலை அளவுக்கு ஒரு திட்டு இருக்கிறது. அங்கே பல லட்சம் நரம்புச் செல்கள் தங்கள் நுண்ணிய இழைகளைச் சளிப்படலத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரு செல்லில் பொதுவாக ஒரே வகை ஏற்பிதான். காற்றோடு வந்த மூலக்கூறு அந்த ஏற்பியில் போய் உட்கார்ந்ததும் செல்லுக்குள் தொடர் வேலை ஆரம்பிக்கிறது. ஏற்பி தன் பக்கத்தில் உள்ள ஒரு புரதத்தைத் தட்டிவிடும்; அது ஒரு நொதியைத் தட்டிவிடும்; அந்த நொதி ஏராளமான சைக்ளிக் ஏ.எம்.பி. மூலக்கூறுகளைத் தயாரிக்கும், அவை செல்லின் சுவரில் உள்ள வாயில்களைத் திறக்கும். சோடியமும் கால்சியமும் உள்ளே பாய, மின்னழுத்தம் மாறி, ஒரு மின்துடிப்பு மூளையை நோக்கி ஓடும். ஒரு மெல்லிய தட்டல் கட்டம் கட்டமாகப் பெருகி சிக்னலாக மாறுகிறது. பூச்சிகளில் ஏற்பாடு இன்னும் நேரடி: அங்கே ஏற்பியே வாயிலாகவும் இருக்கிறது.

ஒரு மணம் ஒரே ஏற்பியோடு நின்றுவிடுவது அபூர்வம். ஒரு மூலக்கூறு பல வகை ஏற்பிகளைத் தட்டும். ஒரு ஏற்பியும் பல வகை மூலக்கூறுகளுக்கு இடம் கொடுக்கும். ஆக, மல்லிகை மணம் என்பது 'இந்த இந்த ஏற்பிகள் இவ்வளவு இவ்வளவு விழித்தன' என்கிற ஒரு கூட்டுக் குறி. முப்பது முதலெழுத்தை வைத்துக்கொண்டு நாம் எத்தனை சொல் எழுதுகிறோம்? அதே கணக்குத்தான். 400 எழுத்து இருந்தால் எழுதக்கூடிய சொற்களுக்கு முடிவே இல்லை.

இந்த எழுத்துகள் மூளையில் சிதறிப் போவதும் இல்லை. ஒரே வகை ஏற்பி உள்ள செல்கள், மூக்கில் எங்கே இருந்தாலும், மூளையின் முன்பக்கத்தில் தங்களுக்கென்று உள்ள முடிச்சுகளில் போய்ச் சேர்கின்றன. மூக்கு நரம்புச் செல்கள் வெளிக்காற்றில் அடிபட்டுச் சாகும், சில வாரங்களில் புதியவை முளைக்கும். புதிய செல்லும் வழி விசாரித்துக்கொண்டு சரியான முடிச்சுக்கே போய்ச் சேர்ந்துவிடும்.

ஏன் ஈ?

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள். அதில் இணைப்பு இணைப்பாகத் தேடினால் இந்தத் தலைமுறையில் முடியாது. பழ ஈயின் மூளையில் இருப்பது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. 2024 அக்டோபரில் ஒரு பெண் ஈயின் மொத்த மூளைக்கும் வரைபடம் வெளியானது. அதில் எண்ணிப் பார்த்த செல்கள் 1,39,255. இத்தனூண்டு மூளையை வைத்துக்கொண்டு அது பழுத்த பழத்தைத் தேடிப் போகிறது, துணையைத் தேடுகிறது, அடிபட்ட இடத்தை ஞாபகம் வைத்து ஒதுங்குகிறது.

இந்த ஆராய்ச்சியில் இந்தியாவுக்கும் ஒரு முக்கியப் பங்கு உண்டு. 1970-களில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒபைத் சித்திக்கியும் அவருடைய மாணவி வெரோனிகா ரோட்ரிக்ஸும் மணம் தெரியாத ஈக்களைத் தேடிப் பிரித்தெடுத்தார்கள். எந்த மரபணு கெட்டால் எந்த மணம் போகிறது என்று அந்த வழியாகப் பார்க்க முடிந்தது. ரோட்ரிக்ஸ் கென்யாவில் பிறந்து, அயர்லாந்தில் படித்து, ஆராய்ச்சிக்காக மும்பைக்கு வந்து சேர்ந்தவர்.

அதற்கு வெகுகாலம் முன்பே நம் தொல்காப்பியம் உயிர்களை அறிவின்படி வரிசைப்படுத்தியபோது, தொடுதலுக்கும் சுவைக்கும் அடுத்து மூன்றாவது அறிவாக மோப்பத்தை வைத்தது. உதாரணம் காட்டியது கறையானையும் எறும்பையும். சில எறும்பு இனங்களில் மண ஏற்பி மரபணுக்கள் 400 அளவுக்கு இருப்பதாக இப்போது தெரிந்திருக்கிறது. பார்த்துச் சொன்னவர்கள் உதாரணத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள்.

ஐம்பது, இரண்டாயிரம் ஆகிறது

ஈயின் மூக்கு அதன் உணர்கொம்பில் இருக்கிறது. அங்கே சுமார் ஐம்பது வகை மணச் செல்கள். அவை மூளையில் சுமார் ஐம்பது முடிச்சுகளில் போய்ச் சேரும். முடிச்சுகளுக்குள் ஒரு சமன்படுத்தும் வேலை நடக்கிறது. பக்கத்துப் பக்கத்து முடிச்சுகளை அடக்கி வைக்கும் செல்கள், மணம் பலமாக வந்தால் மொத்த சத்தத்தையும் குறைத்துவிடும். அதனால்தான் ஒரு பழம் தூரத்தில் இருந்தாலும் கிட்டத்தில் இருந்தாலும் அது அதே பழம்தான் என்று ஈக்குத் தெரிகிறது.

அடுத்த கட்டத்தில்தான் சுவாரஸ்யம். ஐம்பது முடிச்சுகளின் தகவல், காளான் வடிவத்தில் உள்ள ஒரு மூளைப் பகுதிக்குப் போகிறது. அங்கே ஒரு பக்கத்துக்கு இரண்டாயிரம் கென்யான் செல்கள் காத்திருக்கின்றன. ஒவ்வொரு கென்யான் செல்லும் ஏறக்குறைய ஆறேழு இணைப்புகள் வழியாக மட்டும் தகவல் வாங்கும். எந்த முடிச்சிலிருந்து யார் வாங்குவது? ஆக்செல் குழுவினர் 2013-இல் இருநூறு கென்யான் செல்களின் இணைப்புகளைத் தேடிப் பார்த்தார்கள். ஒழுங்கு ஏதும் கண்ணில் படவில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல ஏறக்குறைய தற்செயலாக இணைந்திருந்தன.

இந்த இரண்டாயிரம் செல்களையும் கண்காணிக்க ஒரே ஒரு பெரிய செல் இருக்கிறது. யாராவது சத்தம் போட்டால் எல்லாரையும் அடக்கும் வாத்தியார் மாதிரி அது. அடக்கியதற்குப் பிறகும் துடிப்பவை நூற்றுக்கு ஐந்து முதல் பத்து செல்கள் மட்டும். அவைதான் அந்த மணத்தின் அடையாள அட்டை. 2014-இல் ஆக்ஸ்ஃபோர்டில் இந்த வாத்தியாரை வாயடைத்துப் பார்த்தார்கள். வகுப்பில் எல்லாரும் கத்த ஆரம்பிக்க, ஒன்றுபோல இருக்கும் மணங்களைப் பிரித்தறிய முடியாமல் ஈக்கள் திணறின.

நான் மென்பொருள் வேலை பார்ப்பவன், உயிரியல் படித்தவன் கிடையாது. இந்த இடத்தில்தான் எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. இணையக் கடையில் ஒரு சட்டையைப் பார்த்தால் 'இதுபோன்ற வேறு சட்டைகள்' என்று காட்டுகிறதே, அதற்குப் பின்னால் ஒரு பழைய தலைவலி இருக்கிறது. கோடிக்கணக்கான பொருட்களில் ஒன்றுபோல இருப்பவற்றை எப்படி வேகமாகக் கண்டுபிடிப்பது? ஒரே மாதிரியான பொருட்களுக்கு ஒரே மாதிரியான சுருக்கக் குறியீடு கொடுப்பது ஒரு வழி. லோக்காலிட்டி சென்சிட்டிவ் ஹாஷிங் என்று அதற்குப் பெயர். நாங்கள் வழக்கமாகப் பெரிய தகவலைச் சிறியதாகச் சுருக்குவோம். ஈ நேர் எதிர். ஐம்பதை இரண்டாயிரமாக விரித்து, அதில் அதிகம் துடிக்கும் சிலவற்றை மட்டும் வைத்துக்கொள்கிறது. சஞ்சய் தாஸ்குப்தா, சார்லஸ் ஸ்டீவன்ஸ், சாகேத் நவ்லாகா மூவரும் 2017-இல் ஈயின் இந்த வழியை நிரலாக எழுதிப் படங்களைத் தேடச் சொல்லிச் சோதித்தார்கள். வழக்கமான முறையைவிட அது துல்லியமாகத் தேடியது. சம்பளம் வாங்காத ஈ இதைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் செய்துவருகிறது.

ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. இணைப்புகள் தற்செயல் என்றால், ஒரே வாழைப்பழ மணத்துக்கு உங்கள் சமையலறை ஈயின் அடையாள அட்டையும் என் சமையலறை ஈயின் அடையாள அட்டையும் ஒன்றாக இருக்காது. அட்டையில் 'நல்லது', 'கெட்டது' என்று பிறவியிலேயே அச்சடித்து அனுப்பவும் முடியாது. அது வெறும் அடையாளம். மதிப்பை வேறு யாரோதான் எழுதியாக வேண்டும்.

மதிப்பெண் போடும் டோபமைன்

எழுதுவது டோபமைன் செல்கள். காளான் பகுதியின் தண்டு பதினைந்து அறைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி டோபமைன் செல்கள். ஒரு கூட்டம் தண்டனையைச் சொல்லும், இன்னொரு கூட்டம் பரிசைச் சொல்லும். அங்கிருந்து வெளியேறும் சில செல்கள் ஈயை 'கிட்டப் போ' என்றும், வேறு சில 'விலகிப் போ' என்றும் இழுக்கும். புது மணத்தில் இரண்டு பக்கமும் இழுவிசை கிட்டத்தட்டச் சமம்.

ஈக்கு ஒரு மணத்தைக் காட்டிக்கொண்டே மின்சார ஷாக் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். அந்த நேரத்தில் துடித்த கென்யான் செல்களுக்கும் 'கிட்டப் போ' செல்லுக்கும் இடையே உள்ள இணைப்பை டோபமைன் தளர்த்திவிடும். தராசு 'விலகிப் போ' பக்கம் சாயும். சர்க்கரை கொடுத்தால் எதிர்ப்பக்கம் தளரும், ஈ ஆசையோடு போகும். மணத்தின் அடையாளம் அப்படியே இருக்கிறது, அதன் மேல் ஒட்டிய மதிப்பெண்தான் மாறியது.

ஷாக்கே வேண்டாம் என்பதுதான் இன்னும் ஆச்சரியம். 2009-இல் ஒரு குழு, மணத்தைக் காட்டும்போது பன்னிரண்டு டோபமைன் செல்களை மட்டும் ஒளியால் தூண்டியது. ஈக்கு வலி இல்லை, அடி இல்லை. ஆனாலும் அதன் பிறகு அந்த மணத்தைக் கண்டால் அது விலகிப் போனது. நடக்காத ஒரு கெட்ட அனுபவத்தின் நினைவை மூளைக்குள் எழுதிவிட்டார்கள்.

எழுதியதை அழிக்க முடியுமா? ஷாக் வாங்கிய மணத்தை, ஷாக் இல்லாமல் திரும்பத் திரும்பக் காட்டினால் பயம் குறைகிறது. ஆனால் பழைய நினைவு அழிவதில்லை. அதற்குப் பக்கத்தில், பரிசுப் பக்கத்து டோபமைன் செல்களின் உதவியோடு, எதிரான ஒரு புது நினைவு உருவாகிறது. இரண்டும் தராசில் நிற்கும். ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்காட் வாடெலின் ஆய்வகம் 2018-இல் இதைக் காட்டியது. வெறுப்பு கரைவதற்கு, நல்ல அனுபவம் அதன் பக்கத்தில் சேர வேண்டும்.

பிறவியிலேயே வரும் வெறுப்பு

அப்படின்னா எல்லாமே பழக்கம்தானா? இல்லை. இங்கேதான் ஜியோஸ்மின் மறுபடி வருகிறது. ஈயின் உணர்கொம்பில் ஒரே ஒரு வகை செல் ஜியோஸ்மினுக்கு என்றே இருக்கிறது. ஜெர்மனியின் யேனா நகரில் மார்கஸ் ஸ்டென்ஸ்மிர் முதலானோர் 2012-இல் இதை வெளியிட்டார்கள். அந்தச் செல்லுக்கு வேறு பல மணங்களைக் காட்டியும் அது அசையவில்லை. ஜியோஸ்மின் வந்தால் மட்டும் துடிக்கும். அதன் கம்பி ஒரே முடிச்சுக்குப் போய், அங்கிருந்து பிறவிப் பழக்கங்களைக் கவனிக்கும் தனிப் பகுதிக்கு நேராகப் போகும். ஈ திரும்பிவிடும், முட்டை வைக்காது. பழம் நச்சுப் பூஞ்சையோ பாக்டீரியாவோ பிடித்து அழுகுகிறது என்பதற்கு அது எச்சரிக்கை மணி. தப்பாகப் புரிந்துகொண்டால் உயிரே போகும் விஷயத்தில் இயற்கை அனுபவத்துக்குக் காத்திருக்கவில்லை.

அதே ஜியோஸ்மினைத் தேடி ஓடுபவர்களும் இருக்கிறார்கள். மண்ணில் வாழும் ஸ்பிரிங்டெயில் என்ற சின்னஞ்சிறு உயிர்கள் அதை மோப்பம் பிடித்து பாக்டீரியாவைத் தின்ன வருகின்றன. போகும்போது அதன் வித்துகளைச் சுமந்துபோய்ப் பரப்புகின்றன. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவுக்கோ ஜியோஸ்மின் என்றால் முட்டையிட நல்ல தண்ணீர் என்று அர்த்தம். பீட்ரூட் தோலில் ஜியோஸ்மின் இருப்பதால் அதையே வைத்து இந்தக் கொசுக்களைக் கவர முடியும் என்று 2020-இல் ஒரு ஆய்வு காட்டியது.

ஈக்கு ஆபத்து. ஸ்பிரிங்டெயிலுக்குச் சாப்பாடு. கொசுவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. நமக்கு ஊர் ஞாபகம். மூலக்கூறில் இந்த நான்கில் எதுவுமே எழுதப்படவில்லை.

மனித மூக்குக்கு வருவோம்

நம் மூளையிலும் வரிசை இதேபோலத்தான். முடிச்சுகளிலிருந்து வரும் கம்பிகள் மணப் புறணியில் சிதறலாக இணைகின்றன. பார்வையும் கேள்வியும் தலாமஸ் என்ற நடுநிலையத்தில் நின்றுதான் மேலே போகும். மணம் அங்கே நிற்காமல் நேராகப் போகிறது. உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலாவுக்கும் முடிச்சுகளிலிருந்து ஒரு நேரடி வழி உண்டு.

மதிப்பெண் தனியாகப் போடப்படுகிறது என்பதற்கு நம்மிடமும் சான்று உண்டு. 2001-இல் அமெரிக்காவில் ரேச்சல் ஹெர்ஸ் ஒரு சோதனை செய்தார். ஒரே அமிலக் கலவையை ஒரு முறை 'பார்மேசான் சீஸ்' என்றும், இன்னொரு முறை 'வாந்தி' என்றும் சொல்லி முகரச் சொன்னார். முதலாவது பிடித்தது, இரண்டாவது குமட்டியது. விண்டர்கிரீன் மணம் இன்னொரு உதாரணம். அமெரிக்காவில் அது மிட்டாயிலும் ரூட் பீரிலும் வருவதால் இனிப்பின் வாசனை. பிரிட்டனின் பழைய தலைமுறைக்கு அது வலித் தைலத்தின் நெடி.

பாடம் பிறப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. பிரான்ஸில் கர்ப்ப காலத்தில் அனிஸ் விதை சேர்த்த உணவைச் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகள், பிறந்த சில மணி நேரத்தில் அந்த மணத்தின் பக்கம் திரும்பின. மற்ற குழந்தைகள் திரும்பவில்லை. அனிஸில் மணப்பதும் நம் சோம்பில் மணப்பதும் ஒரே வேதிப்பொருள். நம் பிள்ளைகள் எந்த நாட்டில் பிறந்தாலும் வயிற்றிலேயே ரசமும் குருமாவும் முகர்ந்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

அதற்காக 'நம் கலாச்சாரத்துக்கு ஒரு மூக்கு, அவர்கள் கலாச்சாரத்துக்கு ஒரு மூக்கு' என்று முடித்துவிட வேண்டாம். 2022-இல் வெளியான ஒரு ஆய்வில், வேட்டையாடி வாழ்பவர்கள், விவசாயிகள் உட்பட ஒன்பது சமூகங்களைச் சேர்ந்த 225 பேரிடம் பத்து மணங்களைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார்கள். நியூயார்க் மக்கள் முன்பு சொன்ன பதில்களோடும் ஒப்பிட்டார்கள். எல்லா இடத்திலும் வனிலா மேலே, வேர்த்த கால் நெடியுள்ள ஐசோவலேரிக் அமிலம் கீழே. விருப்பு வெறுப்பின் வேறுபாட்டில் மூலக்கூறின் பங்கு 41 சதவீதம். தனிமனித வேறுபாடு 54 சதவீதம். கலாச்சாரத்தின் பங்கு வெறும் 6 சதவீதம்.

இந்த 54-ஐக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரண்டு மனிதர்களை எடுத்துக்கொண்டால் அவர்களின் மண ஏற்பிகளில் சராசரியாக 30 சதவீதம் வேறு வேறாக வேலை செய்கிறது. சிலருக்குக் கொத்தமல்லித் தழை சோப்பு மாதிரி மணப்பதற்கு இப்படி ஒரு மரபணு வேறுபாடும் காரணம். ஒரே வீட்டில் அண்ணனுக்குப் பிடித்த மணம் தம்பிக்குப் பிடிக்காமல் போவது சகஜம். ஆனால் அதை யாரும் இனத்தோடு முடிச்சுப் போடுவதில்லை.

'நாற்றம்' என்று சொல்பவர் யார்?

இதெல்லாம் ஆய்வகத்தோடு முடிகிற கதை என்றால் இந்தப் பக்கத்தில் எழுத வந்திருக்க மாட்டேன். 2017-இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் நூற்றுக்கணக்கான வீடுகளை வாடகைக்கு விட்டுவந்த ஒருவர், நிறத்தவர்களுக்கு வீடு வேண்டாம் என்று ஏஜென்ட்டுக்கு எழுதினார். காரணம், அவர்கள் காலி செய்த பிறகும் கறி மணம் வீட்டை விட்டுப் போவதில்லையாம். விஷயம் வெளியே வந்தது, வழக்கானது. அதே ஆண்டு நவம்பரில் மெய்ட்ஸ்டோன் கவுன்டி நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று தடை போட்டது.

அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. தாளித்த எண்ணெய்ப் புகை திரைச்சீலையிலும் கார்பெட்டிலும் ஒட்டத்தான் செய்யும். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாடை உண்டு. வீட்டுக்காரருக்கு மட்டும் அது தெரியாது. ஏன் தெரியாது என்பதற்கும் நரம்புச் செல்லிடம் பதில் இருக்கிறது. மணம் தொடர்ந்து வந்தால், செல்லுக்குள் நுழைந்த அதே கால்சியமே வாயில்களின் கூர்மையை மழுங்கடிக்கிறது. மூளையும் பழகிப்போன செய்தியைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறது. புதிதாக வருவதைக் கவனிக்க இடம் வேண்டுமே. நமக்கு நம் மசாலா தெரியாது. அவருக்கு அவருடைய நாயும் பாலாடைக்கட்டியும் தெரியாது. யார் வீட்டு மணம் 'சாதாரணம்', யார் வீட்டு மணம் 'பிரச்சினை' என்று அறிவிக்கும் அதிகாரம் சாவியை வைத்திருப்பவரிடம் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகள் பலர், பள்ளிக்குச் சாம்பார் சாதம் வேண்டாம், சாண்ட்விச் போதும் என்று சொல்கிறார்களே, அதிலும் இதே கதைதான். சாம்பாரின் மணத்தைப் பக்கத்தில் உட்காரும் பையன் முதல் தடவை முகர்கிறான். அவன் மூளையில் அதற்கு அடையாளம் இருக்கிறது, மதிப்பெண் இன்னும் இல்லை. அந்த நொடியில் யாரோ மூக்கைப் பிடித்துச் சிரித்தால் அதுவே மதிப்பெண் ஆகிவிடுகிறது. ஷாக்கே இல்லாமல் பயந்த ஈயை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிடக் கஷ்டம், நம் பிள்ளையின் மூளையிலும் அதே நேரத்தில் ஒரு மதிப்பெண் எழுதப்படுகிறது என்பதுதான். வயிற்றிலிருந்தே பழகிய மணத்தின் மேல் வெட்கம் ஒட்டிக்கொள்கிறது.

இதற்கு மருந்தும் ஈதான் சொல்கிறது. பழையது அழியாது, புதியதைச் சேர்க்க வேண்டும். அந்த நண்பனைப் பிறந்தநாளுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டு சூடாகத் தோசை சுட்டுப் போடுவதும் ஒரு நரம்பியல் வேலைதான்.

கூடவே நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் என்ன சமைக்கிறார் என்பதை வைத்து வீடு மறுப்பது கென்ட்டில் மட்டுமா நடக்கிறது? சென்னையில் 'சைவம் மட்டும்' என்று சொல்லி வீடு மறுக்கும் வழக்கம் நமக்குப் புதிதா? கருவாட்டு வாடையைச் சொல்லி எத்தனை பேரைப் படியிலேயே நிறுத்தியிருக்கிறோம்? அங்கேயும் பழி மூக்கின் மேல்தான், மதிப்பெண் போட்டது வேறு. இங்கே வந்து நாம் அடிபடும்போது அநியாயம் என்று தெரிகிறது, அங்கே நாம் சாவியை வைத்திருந்தபோது தெரியவில்லை. ப்ளூ சீஸைக் கண்டதும் முகத்தைச் சுளிப்பதற்கும் இதே நியாயம் பொருந்தும்.

அடுக்குமாடியில் இருந்துகொண்டு மீன் பொரிக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவது மரியாதை. அதைச் செய்வோம். பக்கத்து வீட்டுக்காரரின் மூக்கிலும் நரம்புச் செல்கள்தான் இருக்கின்றன. ஆனால் மரியாதை வேறு, வெட்கம் வேறு. முதலாவது நாம் கொடுப்பது. இரண்டாவது அடுத்தவர் நம் மேல் ஒட்டுவது.

'நாற்றம்' என்ற சொல்லையே பாருங்கள். திருக்குறள் ஐம்புலன்களை எண்ணும் இடத்தில் அந்தச் சொல்லுக்கு மணம் என்பதுதான் பொருள், நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. நறுமணத்துக்கும் பழைய தமிழில் அந்தச் சொல் பயன்பட்டது. காலப்போக்கில் அதன் மேல் ஒரு கெட்ட மதிப்பெண் ஒட்டிக்கொண்டு, இன்று யாரையாவது பார்த்துச் சொன்னால் சண்டை வரும். எழுத்து மாறவில்லை, உச்சரிப்பு மாறவில்லை. அடுத்த முறை யாராவது உங்கள் பிள்ளையின் டிபன் பாக்ஸைப் பற்றி ஏதாவது சொன்னால், பிள்ளையிடம் இந்த ஈயின் கதையைச் சொல்லுங்கள். மணம் டப்பாவில் இருக்கிறது. நல்லது, கெட்டது என்ற பெரும்பாலான தீர்ப்புகள் சொல்பவரின் தலைக்குள் இருக்கின்றன, அவை மாறக்கூடியவை.